தயிரில் ரகசியம் இருந்ததா?

2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லிங்டனில் நடந்த ஒரு சதுரங்கக் காட்சிப் போட்டியில் குகேஷை வென்ற அமெரிக்க வீரர் ஹிகாரு நகமுரா, குகேஷின் ராஜாவைப் பலகையிலிருந்து எடுத்துப் பார்வையாளர்கள் பக்கம் வீசினார். சில விநாடி வீடியோதான். உலக சாம்பியனை, அதுவும் நம்ம சென்னைப் பையனை, வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டார் என்று சமூக வலைதளங்கள் கொதித்தன. அது பட்டத்துக்கான போட்டி அல்ல. கூச்சலும் ஆரவாரமும் வேண்டும் என்றே அமைத்த நிகழ்ச்சி. ஜெயித்தால் ராஜாவை வீசுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்ததாக நகமுராவே பிறகு சொன்னார். ரசனை மட்டம் என்று தாராளமாகத் திட்டலாம். பகை என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை.

சதுரங்க உலகின் கெட்ட நடத்தைகளைப் பற்றி நாம் கேட்டிருக்கும் கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். எது அதிகம் சத்தம் போட்டதோ அது நினைவில் நிற்கிறது. உண்மையான அயோக்கியத்தனம் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

முதலில், ‘அந்தக் காலத்தில் எல்லாரும் கண்ணியமாக ஆடினார்கள்’ என்ற பேச்சு. 1497-ல் ஸ்பெயினில் அச்சான லுசேனாவின் சதுரங்க நூல், இன்று நமக்குக் கிடைக்கும் பழைய அச்சு நூல்களில் ஒன்று. வெளிச்சம் எதிராளியின் கண்ணில் அடிக்கும்படி அவரை உட்கார வை என்பது அதில் உள்ள யோசனை. அவர் வயிறு முட்டச் சாப்பிட்டுக் குடித்த பிறகு ஆட்டத்துக்குக் கூப்பிடு என்பது இன்னொன்று. ஆக, குறுக்குப் புத்திக்கும் 500 வயது தாண்டிவிட்டது.

எல்லாக் கதைகளுக்கும் தாய் என்றால் பாகியோதான். 1978-ல் பிலிப்பைன்ஸின் அந்த மலை நகரத்தில் அனடோலி கார்போவும் விக்டர் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். கார்போவ் 27 வயது சோவியத் செல்லப்பிள்ளை. கோர்ச்னாய்க்கு வயது 47. இரண்டு வருடம் முன்பு ஆம்ஸ்டர்டாமில் சோவியத் நாட்டை உதறிவிட்டு வந்தவர். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஒரு பணியாளர் கார்போவுக்கு ஊதா நிற யோகர்ட் கொண்டுவந்து வைத்தார். கோர்ச்னாய் தரப்பிலிருந்து உடனே ஒரு கண்டனக் கடிதம் போனது. தயிரின் மூலம் சங்கேதச் செய்தி அனுப்பியதாகக் கோர்ச்னாய் நிஜமாகவே நம்பினார், அந்த அளவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் இன்றும் பலர் சொல்கிறார்கள்.

கடிதத்தைப் படித்தால் தொனி புரியும். இருபதாவது நகர்த்தலுக்குப் பிறகு யோகர்ட் வந்தால் டிரா செய் என்று அர்த்தமாம். நறுக்கிய மாம்பழம் வந்தால் டிராவை ஏற்காதே என்று அர்த்தமாம். ஊறவைத்த காடை முட்டை என்றால் குதிரையை உடனே இன்ன கட்டத்துக்கு நகர்த்து என்று அர்த்தமாம். எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்பின் ஓயாத புகார்களைக் கேலி செய்யவே எழுதினோம் என்று கோர்ச்னாய் முகாம் பின்னர் சொன்னது. அதைவிட வேடிக்கை, நடுவர் குழு அதை முழுத் தீவிரத்தோடு விசாரித்ததுதான். குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட பணியாளர் மட்டும், ஒரே நிற யோகர்ட்டைத் தரலாம் என்று தீர்ப்பானது!

அதே போட்டியில் கார்போவ் தரப்பைச் சேர்ந்த விளாதிமிர் ஜுகார் என்ற உளவியலாளர் அரங்கில் உட்கார்ந்து கோர்ச்னாயை இமை கொட்டாமல் முறைத்துப் பார்த்தார். கோர்ச்னாய் கண்ணாடி போல எதிரொளிக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பைச் சேர்ந்த இருவரைக் கூட்டிவந்து அரங்கில் பத்மாசனத்தில் உட்கார வைத்தார். இதெல்லாம் நடந்ததுதான். ஜுகாரின் வசியத்தால்தான் கோர்ச்னாய் தோற்றார் என்பது மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 27 ஆட்டங்கள் முடிந்தபோது கார்போவ் வெற்றிக் கணக்கில் 5-2 என முன்னணியில் இருந்தார். இன்னும் ஒரு வெற்றி போதும். அங்கிருந்து 28, 29, 31-வது ஆட்டங்களைக் கோர்ச்னாய் வென்று 5-5 என்று சமன் செய்தார். வசியம் அந்த நாட்களில் விடுப்பில் போயிருந்ததா? 32-வது ஆட்டத்தில் கார்போவ் ஜெயித்தார். பட்டம் அவரிடமே தங்கியது.

பாகியோவில் உண்மையிலேயே கொடுமையான ஒன்று இருந்தது. அது தயிர்க் கிண்ணத்தில் இல்லை. கோர்ச்னாயின் மனைவியும் மகனும் அப்போது லெனின்கிராட்டில் சிக்கியிருந்தார்கள். வெளியேற சோவியத் அரசு அனுமதிக்கவில்லை. ராணுவச் சேவையிலிருந்து தப்ப முயன்றதாக மகனைப் பின்னர் சிறையிலும் தள்ளியது. ஆட்டக்காரரின் குடும்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவரைப் பட்டத்துக்கு ஆடச் சொல்வதைவிடவா ஊதாத் தயிர் பெரிய மோசடி?

1972-ல் ரெய்காவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியும் இதே ரகம். அமெரிக்கரான பாபி ஃபிஷர் நாற்காலியிலோ விளக்கிலோ ஏதோ கருவி வைத்து போரிஸ் ஸ்பாஸ்கியின் மூளையைக் குழப்புகிறார் என்று சோவியத் குழு சந்தேகம் கிளப்பியது. நாற்காலியை எக்ஸ்ரே எடுத்தார்கள், விளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். கிடைத்தவை செத்த ஈக்கள் இரண்டு. ஃபிஷர் யோக்கியர் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் வரவே இல்லை. மூன்றாவதைக் கேமராக்களுக்கு எட்டாத ஓர் அறையில்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்து ஜெயித்தார். அந்தப் பிடிவாதம் ஸ்பாஸ்கியைக் குலைத்த அளவுக்கு எந்தக் கருவியும் குலைத்திருக்காது.

2006-ல் எலிஸ்டாவில் கிராம்னிக்கும் டோபலோவும் மோதிய உலகப் பட்டப் போட்டியில் கழிப்பறை விவகாரம். கிராம்னிக் 3-1 என முன்னணியில் இருந்தபோது, அவர் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று டோபலோவின் மேலாளர் புகார் செய்தார். தனிக் கழிப்பறை பூட்டப்பட்டது. கிராம்னிக் ஐந்தாவது ஆட்டத்தை ஆட மறுத்து அந்தப் புள்ளியை இழந்தார். மோசடிக்கு எந்த ஆதாரமும் வெளிவரவில்லை. 6-6 ஆன பிறகு அதிவேக ஆட்டங்களில் அவரே பட்டத்தையும் வென்றார். (அதே கிராம்னிக் அண்மை ஆண்டுகளில் ஆன்லைன் ஆட்டக்காரர்கள் பலர் மேல் சந்தேகக் கணை வீசிக்கொண்டிருப்பது தனிக் கதை.)

அப்படியானால் எல்லாப் புகாரும் புரளியா? இல்லை. 1962-ல் குராசாவ் தீவில் நடந்த உலகப் பட்டத் தகுதிப் போட்டியில் சோவியத் ஆட்டக்காரர்களான பெட்ரோசியான், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். ரஷ்யர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று ஃபிஷர் கத்தினார். அது உண்மைதான் என்று பின்னாளில் சோவியத் தரப்பிலிருந்தே சொன்னார்கள். ஆனால் அதனால்தான் ஃபிஷர் முதலிடத்தை இழந்தார் என்பது தவறு. பெட்ரோசியான் 17½ புள்ளி, ஃபிஷர் 14.

எல்லாவற்றையும்விட துணிச்சலான திருட்டு 2010-ல், ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க் சதுரங்க ஒலிம்பியாடில் நடந்தது. பிரான்சில் வீட்டில் உட்கார்ந்திருந்த சிரில் மார்சோலோ, பிரெஞ்சு அணி வீரர் செபாஸ்தியான் ஃபெல்லரின் ஆட்டத்தை இணையத்தில் பார்த்து, கணினியிடம் நல்ல நகர்த்தலைக் கேட்டு, தொலைபேசி எண் போன்ற இலக்கங்களாகக் குறுஞ்செய்தி அனுப்புவார். அதைப் படித்துக்கொண்டு அணிப் பயிற்சியாளர் ஆர்னோ ஒஷார் அரங்கில் சாவகாசமாக நடந்து, குறிப்பிட்ட ஒரு மேசைக்குப் பின்னால் போய் நிற்பார். எந்த மேசை என்பதே எந்தக் கட்டம் என்பதற்கான விடை. முறைப்பு இல்லை, மேசையைத் தட்டல் இல்லை, தயிர் இல்லை. அரங்கில் இருந்த யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. ஃபெல்லர் தன் பலகைக்கான தனிநபர் தங்கத்தையும் வாங்கினார்.

பிடிபட்டதும் அரங்கில் அல்ல. மார்சோலோவின் கையில் இருந்த கைபேசியின் குறுஞ்செய்திகள் பிரெஞ்சு சதுரங்கக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் கண்ணில் பட்டதால் குட்டு உடைந்தது. புகார் சொன்னது எதிரணி அல்ல, சொந்த நாட்டுக் கூட்டமைப்பு. ஃபெல்லருக்குச் சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2 ஆண்டு 9 மாதத் தடை விதித்தது. பயிற்சியாளருக்கு 3 ஆண்டு.