சார்ஜ் ஷீட் கையில் வந்தாச்சு, அப்புறம்?

நம்ம காலேஜில் ஆர்ஆர்பி தேர்வுக்குப் படிக்கிறவங்க நிறைய பேர். ஏஎல்பி, ஜேஇ சிலபஸ் எல்லாம் அத்துப்படி. வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சார்ஜ் ஷீட் வந்தால் என்ன நடக்கும்னு கேட்டுப் பாருங்க, பதில் வராது.

ரயில்வே ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்கு 1968-ல் வந்த தனி விதிகள் உண்டு. 'டி அண்ட் ஏ ரூல்ஸ்' என்பார்கள். எஸ்எஃப்-11 படிவம் வந்தால் சிறிய தண்டனை: கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தம், பாஸ் நிறுத்தம். (ஆமாம், குடும்பத்தோடு ஊருக்குப் போகிற அந்த இலவச பாஸ்தான்!) எஸ்எஃப்-5 வந்தால் விஷயம் பெரிசு. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, ரிமூவல், டிஸ்மிஸல் வரை போகலாம். ரிமூவல் ஆனவர் மறுபடி அரசு வேலைக்கு முயற்சி செய்யலாம். டிஸ்மிஸ் ஆனவருக்குப் பொதுவாக அதுவும் கிடையாது.

எஸ்எஃப்-5 உடன் நான்கு இணைப்புகள் இருக்கும்: குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். ஒரு லோகோ பைலட் சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டார் என்று குற்றச்சாட்டு என வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனின் டேட்டா லாகர் பதிவு, இன்ஜினின் வேகப் பதிவு இதையெல்லாம் ஆதாரமாகக் காட்டுவதாக இருந்தால் மூன்றாவது இணைப்பில் குறிப்பிட வேண்டும். அவர் அவற்றைப் பார்க்கக் கேட்கலாம். பிரேக் பிடித்ததா, சிக்னல் தூரத்திலிருந்து தெரிந்ததா என்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். துணைக்கு ஒரு சக ஊழியரையோ யூனியன் நிர்வாகியையோ வைத்துக்கொள்ளலாம். நம்ம படிப்பு உண்மையிலேயே உதவுகிற இடம் இது.

இவ்வளவையும் ஒரே அடியில் தாண்டிப் போக விதி 14(ii) இடம் தருகிறது. விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காரணத்தை எழுதி வைத்துவிட்டு, அதிகாரி நேரே வேலையிலிருந்து நீக்கலாம். அரசியலமைப்பின் 311(2) பிரிவிலும் இந்த விலக்கு இருக்கிறது. 1981 லோகோ ஊழியர் ஸ்டிரைக்கில் கலந்துகொண்ட பலர் இப்படித்தான் வேலை இழந்தார்கள். 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரம் செல்லும் என்றது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. ஆனாலும் இரண்டு கடிவாளம் போட்டது அந்தத் தீர்ப்பு. துறையின் கேஸ் பலவீனமாக இருக்கிறது என்பதற்காக விசாரணையைத் தவிர்க்கக் கூடாது; நிலைமை சீரானதும் அப்பீலில் ஊழியர் விசாரணை கேட்கலாம்.

1993-ல் ரெட்டப்பா வழக்கில் அந்த ஸ்டிரைக் ஊழியர்களை மூன்று மாதத்துக்குள் திரும்பச் சேர்க்க உத்தரவு வந்தது. பன்னிரண்டு வருஷம் வெளியே நின்றவர்களுக்கு இழப்பீடு மூன்று வருஷச் சம்பளம். என்னைக் கேட்டால், அது ரொம்பக் குறைவு.

சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் எழுத 10 நாள், தண்டனை உத்தரவு கைக்கு வந்தபின் அப்பீலுக்கு 45 நாள். இந்த இரண்டு எண்ணையும் குறித்து வச்சுக்கோங்க.