ஒரு செய்தி, இரு மொழிகள்

2021 ஜூலை 8 அன்று, பாறசாலையைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவருக்கு ஜிகா வைரஸ் தொற்று உறுதியானது. கேரளத்தில் அந்நோய் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. கொரோனாவின் இரண்டாம் அலையும் அப்போது முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோரச் சிற்றூர்களில் மலையாளமும் தமிழும் கலந்து வழங்கும். களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு. ஆதலால் ஒரே செய்தி இவ்வீடுகளுக்கு இருமுறை வரும். மலையாளத் தொலைக்காட்சி சொல்லி முடித்ததைத் தமிழ்த் தொலைக்காட்சி 'எல்லையில் கண்காணிப்பு' என்று தொடங்கும். பின்னர்க் கைப்பேசியிலும் அதுவே வரும். ஒருவரைப் பற்றிப் பத்து முறை கேட்ட மனம், பத்துப் பேர் நோயுற்றதாக மயங்கும். உறக்கம் கெடும், ஐயம் தீர மீண்டும் செய்தியையே நாடும். அண்டை ஊராரைக் கண்டு ஒதுங்கவும் தோன்றும்.

ஜிகாவைப் பெரிதும் பரப்புவது ஏடிஸ் கொசு. அது பகலில் கடிக்கும். தேங்கிய நன்னீரில் பெருகும். நோயுற்றோர் பலருக்கு அறிகுறியே தோன்றாது; கருவிலுள்ள குழந்தைக்கே பெருந்தீங்கு நேரலாம். நீர்த்தொட்டியை மூடவும், ரப்பர்ப்பால் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கவும் இவற்றை ஒருமுறை அறிந்தால் போதும்.

கவலையூட்டும் செய்திகளைக் குறைத்து, நாளுக்கு ஓரிரு முறை மட்டும் குறித்த நேரத்தில் அறியுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அறிவுறுத்தியது. செய்தியே வேண்டா என்று அது கூறவில்லை. தொலைக்காட்சியை அணைத்த வீட்டிலும் கொசு நுழையுமன்றோ!

சிந்தனை வினா: நேற்று உம் வீட்டில் ஒரே செய்தி எத்தனை முறை ஒலித்தது? அதில் செயலுக்கு உதவிய பகுதி எது?