கடைசி ஒன்றரை நிமிஷப் பாட்டு

கார்ட்டூன் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டைத் தேடுகிற ஆளா நீங்க? கொஞ்சம் பொறுங்க! ஜப்பான் தொடர்களில் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒரு பாட்டு, முடிவில் ஒரு பாட்டு வரும். ஒவ்வொன்றும் சுமார் 90 விநாடி. சண்டையும் ஓட்டமும் முதல் பாட்டில் இருக்கும். கதையின் மனசு பல நேரம் கடைசிப் பாட்டில்தான் இருக்கும்.

2022-ல் சோனி யே சேனலில் தமிழ் பேச வந்த நருட்டோவையே எடுத்துக்குவோம். ஜப்பானில் இந்தத் தொடர் 2002 அக்டோபர் 3-ல் தொடங்கி 2007 பிப்ரவரி வரை 220 பகுதிகள் ஓடியது. முதல் 25 பகுதிகளுக்குத் தொடக்கப் பாட்டு 'ராக்ஸ்'. ஹவுண்ட் டாக் என்ற குழு பாடியது, காது கிழியும்! முடிவுப் பாட்டு 'விண்ட்', அதாவது காற்று. பாடியவர் அகேபோஷி. இங்கிலாந்தில் லிவர்பூலில் இசை படித்தவர். அதனாலோ என்னவோ, ஜப்பான் தொடரின் பாட்டு பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கு.

முதல் பகுதியை நினைச்சுப் பாருங்க. நருட்டோ மூணாவது தடவையா பெயில். பாஸான பிள்ளைகளை அப்பா அம்மா பாராட்டுறாங்க. இவன் மட்டும் ஊஞ்சலில் தனியா. ரிசல்ட் அன்னைக்கு மரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்திருக்கீங்கல்ல, அதே முகம். கடைசியில் இருக்கா சார் (பேரே அதுதான், சிரிக்காதீங்க) தன் நெற்றிப்பட்டையை அவிழ்த்து இவனுக்குக் கட்டிவிடுறார். சந்தோஷமான முடிவு! துள்ளல் பாட்டு வரணும் இல்லையா? வருவது மெதுவான பாட்டு.

வகுப்பை விட்டுப் பின்பக்கமா நழுவுகிற ஒரு சின்னப் பையனின் பயம் அதில் இருக்கு. பின்வாங்காத பிடிவாதமும் இருக்கு. நருட்டோவுக்கும் வயசு 12. பட்டை கிடைச்சாலும் வீட்டில் கதவைத் திறக்க ஆள் இல்லை. காட்சி சொல்லாமல் விட்டதைப் பாட்டு சொல்லிடுது. நெல்லிக்காய் தின்னு தண்ணி குடிச்ச மாதிரி, துவர்ப்பும் இனிப்பும் சேர்ந்தே நிற்கும்.

நம்ம திண்டுக்கல் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்குமே, அதிலும் முடிவுப் பாட்டு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' முடியும்போது மங்களம் பாடுவாங்க. அது வாழ்த்து. யாரையும் வருத்தத்தோட வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது நம்ம வழக்கம். வள்ளிக்கு அது பொருத்தம்தான், கல்யாணம் முடிஞ்சாச்சே! நருட்டோவுக்கு அன்னைக்கு இன்னும் 219 பகுதி பாக்கி.

இன்னொன்று. அந்தப் பாட்டு ஓடும்போது வருகிற பெயர்கள், படத்தைக் கையால் வரைந்தவர்களுடையவை. டிவியில் பாதியிலேயே விளம்பரம் வந்துட்டா, மொபைலில் முழுசா கேளுங்க. வீட்டில் கேட்டா இங்கிலீஷ் லிசனிங் பிராக்டிஸ்னு சொல்லிக்கலாம்!