பிள்ளை கையில் கேம்: எப்போது, எப்படி?

முதுகுளத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் அப்பா வெளிநாட்டில் இருப்பார். பிள்ளை கேம் ஆடுவது அம்மாவின் போனில். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் கேமை ஆரம்பித்தால் போதும்.

முதல் கேமைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே ஆடுங்கள். பாதியில் போனைப் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். “இந்த ரவுண்டு முடிஞ்சதும் வச்சிரணும், சரியா?” என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.

பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஜிபே பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. மாசச் செலவுக்கு அப்பா அனுப்பிய பணம் அதோடு இணைத்த வங்கிக் கணக்கில்தானே இருக்கிறது!

கேமால் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்; ஆலோசனை இலவசம்.