வாலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர்

ஜமுனாமரத்தூர்,
ஜவ்வாது மலை.

அன்பு மகளுக்கு,

விமானிகளின் பணி ஒப்பந்தத்தில் சம்பளப் பட்டியலுக்கு முன்னால் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. எந்த வேலை யாருக்கு உரியது என்று அது சொல்லும். அமெரிக்க விமானிகள் அதை ‘ஸ்கோப்’ என்கிறார்கள். நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானங்களை அந்த நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியலில் உள்ள விமானிகளே ஓட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. வெளியாருக்குக் கொடுக்கலாம் என்றால் எத்தனை இருக்கை, எவ்வளவு எடை, எத்தனை விமானம் என்பதற்கான வரம்புகளும் அதில்தான் இருக்கும்.

வேலை வெளியே போகும் வழிகளில் முதன்மையானது கோட்ஷேர். ஒரு நிறுவனம் தன் எண்ணில் டிக்கெட் விற்கும். இன்னொரு நிறுவனம் பறக்கும். வெவ்வேறு நாட்டு நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் கோட்ஷேர் ஒரு வகை. பெரிய நிறுவனத்தின் வண்ணமும் பெயரும் பூசிய சிறிய விமானத்தை வேறொரு சிறு நிறுவனம் ஓட்டுவது இன்னொரு வகை. சென்னையில் 2025 ஜூன் முதல் ஓடும் மாநகரப் போக்குவரத்துக் கழக மின்சாரப் பேருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பேருந்தில் கழகத்தின் பெயர், நடத்துநர் கழகத்தின் ஊழியர், ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். போளூரிலிருந்து மலையேறும் அரசுப் பேருந்தில் நாளை அப்படி ஒரு மாற்றம் வந்தால் பயணிக்கு வித்தியாசம் தெரியாது. பழைய ஓட்டுநரின் வீட்டில் தெரியும்.

விமானிக்கு இது மற்றத் தொழிலாளியைவிட ஆழமாக வலிக்கும். காரணம் பணிமூப்பு. எந்த விமானம், எந்தத் தடம், எப்போது கேப்டன், தீபாவளிக்கு விடுப்பு உண்டா என்பதையெல்லாம் சேர்ந்த தேதியே தீர்மானிக்கிறது. இருபது ஆண்டு பறந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில்தான் நிற்பார். ஒரு கொத்தனார் வேலை நடக்கும் ஊருக்குக் கரண்டியோடு போய்விடலாம், அவருடைய கைத்திறனுக்கு அங்கேயும் அதே மதிப்பு. விமானியின் மூப்பு மூட்டை கட்டிக்கொண்டு போகக்கூடிய பொருளாக இல்லை. வேலை வெளியே போனால் அதைப் பின்தொடர்ந்து போக முடியாது என்பதால்தான், போகவிடாமல் காக்கும் ஷரத்துக்கு இவ்வளவு சண்டை நடக்கிறது.

அந்தச் சண்டையின் வரலாறு அமெரிக்காவில் தெளிவாகத் தெரிகிறது. 1978-இல் அங்கே விமானப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சிற்றூர்களிலிருந்து பெரிய நிலையங்களுக்குப் பயணிகளைக் கொண்டுவர, காற்றாடி எஞ்சின் கொண்ட சிறு விமானங்களை வைத்திருந்த நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு அமர்த்தப்பட்டன. பெரிய நிறுவன விமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1990-களில் விமானத் தயாரிப்பு நிறுவனங்களான பம்பார்டியரும் எம்ப்ரேயரும் 50 இருக்கை ஜெட்களைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. அவை வேகமானவை, வெகுதூரம் பறப்பவை. பெரிய நிறுவனத்தின் நூறு இருக்கை விமானம் போன தடங்கள் ஒவ்வொன்றாக அவற்றின் கைக்கு மாறின.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பெரிய நிறுவனங்களில் யுனைடெட் 2002-இலும், டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2005-இலும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. கழுத்தில் கத்தி இருக்கும்போது நடந்த பேரங்களில் வரம்புகள் தளர்ந்தன. 50 இருக்கை என்பது 70 ஆகி, பிறகு 76 ஆனது. இன்று பெரிய நிறுவனங்களில் பொதுவாகக் காணப்படும் வரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 39 டன். பொறியியலில் இந்த எண்களுக்கு அடிப்படை கிடையாது, பேச்சுவார்த்தை மேசையில் பிறந்தவை. ஆனாலும் அவை விமானத் தொழிற்சாலைகளையே ஆட்டிவைத்தன. எம்ப்ரேயரின் புதிய இ175-இ2 எரிபொருள் சிக்கனமானது, ஆனால் 39 டன்னைத் தாண்டியது. அதனால் அமெரிக்கச் சந்தை அதற்குத் திறக்கவில்லை. மிட்சுபிஷியின் ஸ்பேஸ்ஜெட்டும் இதே சுவரில் மோதியது. வேறு சிக்கல்களும் சேர, 2023 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. யுனைடெட் 2019-இல் 70 இருக்கை விமானத்தை 50 இருக்கையாகக் குறைத்து ‘சிஆர்ஜே 550’ என்ற பெயரில் பறக்கவிட்டது. ஒப்பந்தத்தின் ஒரு வரிக்காக இருபது இருக்கைகள் கழற்றப்பட்டன.

விமானிகளுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. சிறு விமானம் கொண்டுவரும் பயணிதான் பெரிய விமானத்தை நிரப்புகிறார், ஆகவே கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சம்பளத்தில் ஈடு வாங்கலாம் என்பது ஒன்று. விட்டுக்கொடுத்த இருக்கை திரும்பி வராது என்பது மற்றது. வரலாறு பெரும்பாலும் இரண்டாவது தரப்புக்கே சாட்சி சொல்கிறது. இருந்தாலும் 2012-இல் டெல்டா விமானிகள் ஏற்ற ஒப்பந்தம் கவனமாகப் படிக்கத் தக்கது. 76 இருக்கை விமானங்கள் கூடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு 50 இருக்கை ஜெட்கள் பெருமளவு குறைய வேண்டும், டெல்டா விமானிகளே ஓட்டும் போயிங் 717 விமானங்கள் 88 வர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் ஒரே ஒப்பந்தத்தில் எண்ணிக்கை எழுதப்பட்டது.

ஸ்கோப் எழுப்பும் சுவருக்கு வெளியே நிற்பவர்களும் விமானிகளே. டெல்டாவுக்குச் சொந்தமான காமேர் நிறுவன விமானிகள் 2001-இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விழுந்த விமானத்தில் பெரிய நிறுவனமான காண்டினென்டலின் பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர். தரையில் ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு முழுக்க நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவத்தை நோக்கி விதியை நகர்த்தியது. டிக்கெட் விற்கும்போதே உண்மையில் ஓட்டும் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. வெளியே ஓட்டுபவரின் ஓய்வையும் ஊதியத்தையும் பற்றிப் பேசாமல் எண்ணிக்கையை மட்டும் கட்டுப்படுத்தும் ஷரத்து பாதி வேலையைத்தான் செய்கிறது.

இந்தியாவில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைந்தன; விமானிகளின் இரண்டு சங்கங்களும் இரண்டு பணிமூப்புகளும் இணையவில்லை. புதிய ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் தருவதை எதிர்த்து, பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு 2012 மே மாதம் போராட்டத்தில் இறங்கியது. 58 நாள் நீடித்தது. நிர்வாகம் நூறு விமானிகளுக்கு மேல் பணிநீக்கம் செய்து, சங்கத்தின் அங்கீகாரத்தையும் ரத்து செய்தது. எந்த விமானம் யாருடையது என்பதை இணைப்பின்போதே எழுதியிருந்தால், ஐந்தாண்டு கழித்து அந்த விலை கொடுக்க நேர்ந்திருக்காது.

சிறு விமானம் இங்கே பெரும்பாலும் ஏடிஆர். 1996-இல் தொடங்கிய அலையன்ஸ் ஏர், நெடுங்காலம் ஏர் இந்தியாவின் எண்ணில் பறந்தது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனபோது அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கியது. அந்த ஏப்ரலில் இருந்து தன் சொந்த எண்ணில் பறக்கிறது. சேலத்துக்கு 2023 அக்டோபரில் மீண்டும் விமானம் வந்தது அதன் மூலம்தான். இந்த மலைக்கு வடக்கே வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் ஓடுதளமும் உதான் திட்டத்தில் உள்ளது. இவ்வகைத் தடங்களில் தொடங்கும் இளம் விமானிக்குப் பெரிய விமானத்தில் ஏறும் வழி எழுத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இப்போது வளர்வது வெட் லீஸ், டாம்ப் லீஸ். விமானத்தோடு விமானிகளும் வாடகைக்கு வருகிறார்கள். இண்டிகோ 2023 பிப்ரவரியில் டர்கிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானத்தை டெல்லி-இஸ்தான்புல் தடத்தில் அப்படித்தான் தொடங்கியது. 2025 ஜூலையில் மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நார்ஸ் அட்லாண்டிக்கின் 787. இத்தகைய வாடகைக்கு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு. தனியார் நிறுவனங்களில் விமானி தனித்தனியாகக் கையெழுத்திடுவதால், அமெரிக்கச் சங்கங்களிடம் உள்ள பூட்டு இங்கே விமானியின் கையில் இல்லை.

ஆகவே வேலைக் கடிதம் வந்ததும் பார்க்க வேண்டியது, அதில் முதலாளியாக எழுதப்பட்டிருக்கும் நிறுவனத்தின் முழுப்பெயர். தாய் நிறுவனமா, துணை நிறுவனமா என்பது அங்கேதான் தெரியும். துணை நிறுவனம் என்றால் பணிமூப்புப் பட்டியல் தாய் நிறுவனத்தோடு பொதுவா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை ஏற்கக் கூடாது. நிறுவனம் விற்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ சேர்ந்த தேதி நிலைக்குமா என்பது அடுத்தது. பயிற்சிச் செலவுக்கான பாண்டு எத்தனை ஆண்டு, வேறு விமானத்துக்கு மாற்றினால் அது மீண்டும் தொடங்குமா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விலகும் அறிவிப்புக் காலம் பற்றி டிஜிசிஏ 2017-இல் விதித்தது கேப்டனுக்கு ஓராண்டு, கோ-பைலட்டுக்கு ஆறு மாதம்; கையெழுத்து உலர்ந்த நாளிலிருந்தே அது விமானியைக் கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா