அங்கதன் தயங்கிய இடம்

அன்பின் பிள்ளைக்கு,

உம்முடைய குறும்படப் பிரதியை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தையால் வந்த கையோடு, மரக்கறிப் பையைக் குசினிக்குள் வைக்காமலே, வாசல் கதிரையில் இருந்து. இரண்டாம் தரம் இரவில், பென்சிலோடு.

போன கிழமை ஆஞ்சநேயர் கோயிலடியில் நின்று ஒன்று கேட்டீர். நுண்கலைப் பீடத்தில் உம்மோடு படிக்கிற சிலர் பிரதியைப் பார்த்துவிட்டு, "எங்கட சனம் பட்ட பாட்டுக்குப் பிறகு சாகசக் கதையோ?" என்றார்களாம். அதற்குப் பிறகு மூன்று நாளாக ஒரு வரியும் எழுதவில்லை என்றீர். பஸ் வந்துவிட்டதால் மறுமொழி சொல்லாமல் ஏறிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறுதலாக எழுதுகிறேன்.

மருதனார்மடம் சந்தியைத் தாண்டுகிற எவருக்கும் அந்த அனுமன் கண்ணில் படாமல் போவதில்லை. கடல் தாண்டிய வீரன் என்று சனம் கும்பிடுகிறது. எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறவன் அங்கதன். மகேந்திர மலையடியில் வானரர் கூடி, யாரால் எவ்வளவு தூரம் பாய ஏலும் என்று கணக்குப் பார்க்கிறார்கள் அல்லவா? ஒவ்வொருவரும் தன்தன் அளவைச் சொல்லி முடிய, அங்கதன் முறை வருகிறது. அக்கரைக்குப் பாய்ந்துவிடுவேன், திரும்பி வரப் பலம் இருக்குமோ தெரியாது என்கிறான். வாலியின் மகன், இளவரசன், பயந்தாங்கொள்ளி இல்லை. தன் பலத்தை அளந்து பார்த்து உண்மையைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் சாம்பவான், ஒரு பக்கமாகப் பேசாமல் இருந்த அனுமனிடம் போகிறார். அனுமன் மோதிரம் கொண்டுபோய்ச் சூடாமணி கொண்டுவந்தான். அந்தச் சூடாமணி இராமன் கைக்கு வந்து சேராவிட்டால், இலங்கையில் அவன் செய்த அத்தனையும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

உம்முடைய பிரதியில் நான் பென்சிலால் கோடு போட்ட இடமும் இதுதான். தகப்பனுடைய திசைகாட்டியை எடுக்க, ஆனி மாதத்து இரவில், ஒரு பெண்பிள்ளை தனியாகச் சின்ன வள்ளத்தில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிறாள். போகிற பயணத்துக்கு ஒன்பது பக்கம். அலை, இருட்டு, கிழிந்த பாய், கையில் காயம் எல்லாம் இருக்கின்றன. திசைகாட்டி கைக்கு வந்ததும் அடுத்த காட்சியில் அவள் கரையில் நிற்கிறாள், விடிந்துவிட்டது, தாய் ஓடி வருகிறா. ஒரே வெட்டில் கடலைக் கடந்துவிட்டீர், பிள்ளை. ஆனியில் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். போகும்போது காற்று அவள் முகத்தில்; திரும்பும்போது முதுகில். அப்படியென்றால் அந்த இரண்டு பயணமும் ஒன்றுபோல இருக்க ஏலாது. போகும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் மல்லுக்கட்டியவளை, வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வருகிறது. கைக்கு வேலை குறைவு. அப்போதுதான் அவளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், பயமும் அப்போதுதான் வரும். நீர் வெட்டி எறிந்தது அந்த இரவின் மறுபாதியை.

எங்கள் வீடுகளில் வெளியே இறங்குகிற பிள்ளை "போறன்" என்று சொன்னால் அம்மம்மாமார் விடமாட்டினம். "வாறன் எண்டு சொல்லு" என்று படலையடியில் மறித்துத் திருத்துவினம். கடைக்குப் போனாலும் அதுதான், கப்பலுக்குப் போனாலும் அதுதான். இந்தப் பழக்கத்துக்குள் வளர்ந்த வாசகர் சாகசக் கதையிடம் எதைக் கேட்பார்கள் என்று யோசித்துப் பாரும். 'றொபின்சன் குரூசோ' 1719 இல் வந்தது, 'புதையல் தீவு' 1883 இல் நூலாக வந்தது. இரண்டும் திரும்பி வந்தவர் சொல்கிற கதைகள். ஆள் உயிர் தப்புவானா என்ற கேள்விக்கு முதல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. பிறகும் விடிய விடிய வாசிக்கிறோம். என்ன ஆளாகத் திரும்பினான் என்று தெரியவேண்டும் எங்களுக்கு.

கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதியபோது, அருள்மொழிவர்மன் இராஜராஜனாகி ஆளப்போகிறான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2022 இலும் 2023 இலும் மணிரத்னத்தின் படங்களுக்குப் போய் இருந்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் சனம் போனது. வந்தியத்தேவனைக் கவனியும். அவனும் ஒரு தூதன், ஓலை கொண்டு திரிகிறவன். வாளைவிட வாயை நம்புகிறவன், அடிக்கடி பிழை விடுகிறவன். கோடிக்கரையிலிருந்து அவனை எங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்ப்பது பூங்குழலியின் படகு. ஆனால் கல்கி புயலையும் மின்னலையும் தீயையும் வைத்திருப்பது போகிற வழியில் இல்லை, அவர்கள் திரும்புகிற கடலில். அங்கேயும் இரண்டு வீரர்களைத் தண்ணீரிலிருந்து தூக்குவது படகு வலிக்கத் தெரிந்த அந்தப் பெண்தான். உம்முடைய கதாநாயகிக்குப் பூங்குழலி அக்கா முறை. அவளிடம் கடன் வாங்கும், வெட்கம் வேண்டாம்.

இனி உம்முடைய நண்பர்களின் கேள்வி. சாகசம் எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று அவர்கள் நினைத்தால் அது பிழை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுகிற சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885 இல் வந்தது. குழந்தையில் களவுபோன ஒருவன் ஊர் ஊராக அலைந்து கடைசியில் பெற்றவர்களிடம் போய்ச் சேர்கிற கதை அது. 1891 இல் இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை', ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தழுவி, காட்டில் பிரிந்துபோன இரட்டையரைப் பற்றியது. 1895 இல் திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' நாயக்கர் காலத்துக்குப் போனது. எங்கள் நாவல் நடை பழகியதே இந்தத் தெருவில்தான்.

அச்சுக்கு முந்தியதையும் பாரும். கண்ணகியின் சிலம்புக்கு நாகரத்தினம் தேடி மீகாமன் கப்பலேறி வர, நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் கடலில் மறித்துச் சண்டை பிடிக்கிற கதை எங்கள் கரைகளில் காலங்காலமாகச் சொல்லப்பட்டது. வெடியரசன் கோட்டை என்று ஊரவர் காட்டுகிற இடிபாடு இன்றைக்கும் நெடுந்தீவில் இருக்கிறது. காத்தவராயன் கூத்தை எடுத்தால், சின்னக்காத்தான் போய், ஆதிக்காத்தான் போய், பிற்காத்தான் வந்து கழுவேறுகிற கட்டம்வரைக்கும் சனம் பாயை விரித்துக்கொண்டு கோயில் வீதியில் விடிய விடிய இருக்கும். பட்ட பாடு தெரியாத சனமா அது?

1991 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளும். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் அடியில் துளி எண்ணெயும் விட்டு, திரியை முனையளவு எட்டிப்பார்க்க வைத்து அந்த வெளிச்சத்தில் படிப்போம். முகத்தைப் புத்தகத்தோடு ஒட்டவைத்தால்தான் எழுத்துத் தெரியும், தலைமயிர் பொசுங்கும். வெளிநாடு போன ஒரு மச்சான் விட்டுச்சென்ற பழைய முத்து காமிக்ஸ் ஒன்று எங்களிடம் இருந்தது. இரும்புக்கை மாயாவி. மேலட்டை இல்லை, கடைசி நாலைந்து பக்கமும் இல்லை. இரும்புக்கையில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். உமக்கும் தெரிந்திருக்கும்.

தம்பி ஒருநாள் கேட்டான்: "அக்கா, மாயாவி எங்கட ஊருக்கு வந்தால் என்ன செய்வார்? கரண்ட் இல்லையே?" நான் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமா செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடல் சுற்றி டைனமோவால் ரேடியோ போடுகிறாரே, அதில் கையை வைப்பார் என்றேன். "அவ்வளவு காணுமோ?" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் இல்லாத அந்தக் கடைசிப் பக்கங்களை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்வோம். பகைவனை எப்படி அடித்தார் என்பதில் எங்களுக்குச் சண்டையே இல்லை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மறைந்த மனிதன் எப்படி உருவத்துக்கு வந்து, யார் கண்ணிலும் படாமல் எந்த வழியால் வீட்டுக்குப் போனார் என்பதில்தான் நித்திரை வரும்வரை வாக்குவாதம். வெளியே ஷெல் சத்தம் கேட்கும். தம்பி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே மாயாவியை வீட்டுக்குக் கொண்டுபோவான்.

அந்தப் பிள்ளைக்குச் சாகசக் கதை தேவையில்லை என்று எவரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் உம்முடைய நண்பர்கள் கேட்டதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1993 இல் தம்பியின் வருத்தத்தைக் கொழும்பில் காட்ட வேண்டி, அம்மாவும் நாங்களும் கிளாலிக் கடலால் போனோம். ஆனையிறவுப் பாதை பூட்டு. இரவில், இயந்திரப் படகு ஒன்றின் பின்னால் கயிற்றால் தொடுத்த வள்ளங்களில் ஒன்று எங்களுடையது. ஒருவரும் பேசவில்லை. முன்னால் இருந்த கிழவர் ஒருவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டே அக்கரைவரை வந்தார். அந்தக் கடலில் சூடு விழுந்து செத்தவர்கள் பலர். நாங்கள் போனோம், ஒரு மாதத்தில் அதே வழியால் திரும்பியும் வந்தோம். இருந்தும் அதைச் சாகசம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. நாங்கள் அந்தக் கடலைத் தெரிந்தெடுக்கவில்லை. வேறு வழி இருந்திருந்தால் அம்மா எங்களை அதில் ஏற்றியிருக்கமாட்டா.

இந்த வேறுபாட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். துரத்தப்பட்டு ஓடின சனத்தின் பயணத்துக்குப் பின்னணி இசை போட்டுச் சாகசமாக்காதையும். அது அவர்கள் பட்டதைப் பறிக்கிற வேலை. உம்முடைய பெண் போகாமல் வீட்டில் இருந்திருக்கலாம், ஆனாலும் போகிறாள். அதனால்தான் அவளுடையது சாகசம். அதைப் பார்வையாளர் உணரும்படி, அவள் இறங்குவதற்கு முந்திய காட்சியில், வீட்டிலேயே இருந்துவிட ஒரு காரணமும் கொடும். பிரதியில் அது இல்லை. இன்னொன்று, அவள் கடக்கிற கடலில்தான் 1985 மே 15 இல் குமுதினிப் படகில் சனம் வெட்டுப்பட்டது. அதை வசனத்தில் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை வெறும் நீலமாக ட்ரோனால் எடுத்துக்காட்டுகிற இரண்டு காட்சியையும் எடுத்துவிடும். அந்தக் கரையில் வளர்ந்த ஒருத்தி அப்படிப் பார்க்கமாட்டாள்.

சண்டைக் காட்சிகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூன்று போதாதா? ஐந்து இருக்கின்றன.

தானாகப் போய்த் திரும்பினவர்களின் கதை எங்கள் பக்கத்தில் குறைவில்லை. 1954 இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் தனுஷ்கோடிக்கு நீந்திப்போய், அங்கிருந்து நீந்தியே திரும்பினார், 51 மணித்தியாலத்தில். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த இறங்கி, அந்தக் குளிரில் உயிரை விட்டார். அவரைப் படமாக்க நினைத்தால் கமராவை எங்கே வைப்பீர்? நான் என்றால் தனுஷ்கோடி மணலில் வைப்பேன். கரை வந்தாயிற்று, கால் மண்ணில் பட்டாயிற்று, இத்தோடு நிறுத்தினாலும் பேர் கிடைக்கும். அந்த ஆள் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்குகிறார். அங்கதன் தயங்கிய இடம் அது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை ஒரு அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, அது எங்கள் கடலோடிகளோடு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தை அவர்களில் ஒருவருடைய கண்ணால் பார்க்கிற நாவல் ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை. உமக்கு வயது இருக்கிறது.

ஒரு ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். மயிலிட்டியிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்து, எங்கள் ஒழுங்கையில் பல காலம் வாடகைக்கு இருந்த ஒரு கடற்றொழிலாளி. 2017 இல் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது திரும்பிப் போனார். 27 ஆண்டு. போன வருடம் கண்டபோது, "கடல் எப்படி ஐயா?" என்று கேட்டேன். கடல் அப்படியேதான் இருக்கிறதாம், கரைதான் பிடிபடவில்லையாம். "முந்தி இரவில வரேக்க காங்கேசன்துறைப் பக்கத்து வெளிச்சங்களை வைச்சுத்தான் வள்ளத்தைத் திருப்புவம். இப்ப அந்த லைற்று இல்லை, புது இடங்களில புது லைற்று. என்ர ஊருக்கு வாற வழியை அறுபது வயதில புதுசாப் படிச்சன்" என்றார். சொல்லிக்கொண்டே, கையில் இருந்த வலையின் அறுந்த கண்ணை விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார்.

அவரிடம் உம்மைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலமை ஆறு மணிக்குச் சந்தியில், காங்கேசன்துறைப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்தில் நில்லும். பிரதியைக் கொண்டுவாரும். அவள் திசைகாட்டியை எடுத்த காட்சிக்குப் பிறகு பத்து வெறும் தாள் வைத்துக் கட்டும். முதல் கேள்வியை நீரே கேளும்: ஆனி மாதத்து இரவில், சோளகம் முதுகில் தள்ள, விளக்கு ஒன்றும் தெரியாமல் வருகிற ஆளுக்குக் கரை கிட்ட வந்துவிட்டது என்று முதலில் சொல்வது எது, கண்ணா, காதா, மூக்கா?

அன்புடன்,
உம்முடைய ரீச்சர்