நிறுவப்படாத புதுப்பிப்பு

2024 சனவரி 9இல் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று (கேபி 5034441) வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றில் நிறுவப்படாமல் நின்றது. திரையில் 'நிறுவல் தோல்வி' என்று வந்ததே தவிரக் காரணம் வரவில்லை. வட்டில் இடம் தாராளமாக இருக்க, இஃது ஏன்?

பழுதுநீக்கும் கருவிகளைக் கொண்ட மீட்புப் பகுதி, வட்டிலேயே தனியே தடுக்கப்பட்ட சிற்றறை போன்றது. கூடம் காலியாயிருந்தும் அறை நிரம்பியிருந்தால் பெட்டி எங்கே நுழையும்? அங்கே 250 மெகாபைட் வெற்றிடம் தேவைப்பட்டது. ஆகவே மீண்டும் மீண்டும் முயன்றது வீண் வேலையே.

மைக்ரோசாப்ட் காட்டிய வழி இது: 'ரீஏஜென்ட்சி' கட்டளையால் மீட்பு வசதியை நிறுத்தி, முதன்மைப் பகுதியை 250 மெகாபைட் சுருக்கி, பழைய மீட்புப் பகுதியை நீக்கிப் பெரிதாக அமைத்து, வசதியை மீண்டும் இயக்குதல். இதில் பகுதி எண் ஒன்று மாறினால் கோப்புகள் அழியும். கணிப்பொறி நுட்பம் அறியாத இல்லத்தாரிடம் இவ்வேலையை விட்டது முறையன்று என்பேன். கோப்புகளை வேறு வட்டில் படியெடுக்காமல் இதில் கைவைக்க நான் துணியேன்.